இண்டஸ்ட்ரீஸ் டிஎல்சி வாங்கலாமா? ஒரு லாரி பின்னாடியே போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க

நீங்க கேட்டது இதுதான். ஊர் கட்டி நடத்தற கேம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பார்ட், பேஸ் கேம் (டிஎல்சி எதுவும் சேக்காத அடிப்படை கேம்) மட்டும் வச்சு 200 மணி நேரம் ஆடியாச்சு, ஊர்ல ஒரு லட்சம் பேர் வந்ததும் செய்ய ஒண்ணும் இல்லாத மாதிரி ஆயிடுது, இப்ப ஒரே ஒரு டிஎல்சிக்குத்தான் (கேமுக்கு மேல தனியாக் காசு குடுத்து வாங்கற கூடுதல் பகுதி) காசு இருக்கு, பொதுப் போக்குவரத்துக்கான மாஸ் ட்ரான்சிட் வாங்கறதா, தொழிலுக்கான இண்டஸ்ட்ரீஸ் வாங்கறதா?

இண்டஸ்ட்ரீஸ் வாங்குங்க ப்ரோ. ஆனா உங்க ஊர் டிராஃபிக் இப்ப எந்த நிலைமையில இருக்குங்கறதைப் பொறுத்து ஒரு கண்டிஷன் இருக்கு, அதைக் கீழ சொல்றேன், அதைப் படிக்காம வாங்கிடாதீங்க.

முதல்ல நான் எதை வச்சு ஒரு டிஎல்சியை எடை போடறேன்னு சொல்லிடறேன். எத்தனை புது பில்டிங் வருது, எத்தனை மேப் வருதுங்கறதை நான் பாக்கறதே இல்ல. பில்டிங் வேணும்னா, ஆடறவங்களே பண்ணிப் போடற ஸ்டீம் ஒர்க்ஷாப்ல இலவசமா ஆயிரக்கணக்குல கிடக்கு. நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், இதை வாங்கினதுக்கு அப்புறம் நான் ரோடு போடற விதம் மாறுமா? ஏன்னா இந்த கேமோட உயிரே ரோட்லதான் இருக்கு. இதைப் பண்ணின கொலோசல் ஆர்டர் ஃபின்லாந்துல இருக்கற கம்பெனி, இதுக்கு முன்னாடி அவங்க பண்ணினது சிட்டீஸ் இன் மோஷன், 2011ல வந்தது, முழுக்க முழுக்க பஸ், டிராம், மெட்ரோ ஓட்டற கேம். அங்கிருந்து வந்தவங்கங்கறதாலதான் 2015 மார்ச்ல ஸ்கைலைன்ஸ் வந்தப்பவே ஒவ்வொரு வண்டியும் எங்கிருந்தோ கிளம்பி எங்கயோ போய்ச் சேர்ற நிஜ வண்டியா இருந்துச்சு, சும்மா அலங்காரத்துக்கு ஓடற வண்டி கிடையாது. அதனால ஒரு டிஎல்சி நல்லதா இல்லையான்னா, அது அந்த வண்டிகளுக்குப் போறதுக்கு ஒரு புதுக் காரணத்தைக் குடுக்குதான்னு பாக்கணும்.

பேஸ் கேம்ல தொழில்னா என்ன பண்றோம்? மேப்ல தொழிலுக்குன்னு ஒதுக்கற மஞ்சக் கலர் ஸோனை அடிக்கிறோம், ஃபாக்டரி தானா முளைக்குது, அது என்ன தயாரிக்குதுன்னு நமக்கும் தெரியாது, "சரக்கு"ன்னு ஒரே பேர்ல லாரி கிளம்பிப் போகும். டிஸ்ட்ரிக்ட் வரைஞ்சு விவசாயம், காடு, கனிமம், எண்ணெய்னு ஸ்பெஷலைஸ் பண்ணலாம், ஆனா அதுக்கு அப்புறமும் நம்ம கையில ஒண்ணும் இல்ல, எந்த பில்டிங் எங்க வரணும்னு கேம்தான் முடிவு பண்ணும். அதனாலதான் 200 மணி நேரத்துல உங்களுக்குச் சலிச்சுப் போச்சு, பெயிண்ட் அடிச்சுட்டு வேடிக்கை பாக்கற வேலைதானே அது.

2018 அக்டோபர் 23ல இண்டஸ்ட்ரீஸ் வந்தப்ப அந்த மூடியைத்தான் திறந்து விட்டாங்க. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வந்த பார்க்லைஃப்ங்கற டிஎல்சில பார்க்குக்குன்னு ஒரு ஏரியா வரைஞ்சு வாசல் வைக்கிற சிஸ்டம் இருந்துச்சுல்ல, அதையே எடுத்து தொழிலுக்குப் பண்ணியிருக்காங்க. ஏரியா வரையணும், ஒரு மெயின் பில்டிங் வைக்கணும், அதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணும் நீங்களே கையால வைக்கிறதுதான். மரத்தோட்டம் எங்க, மரம் அறுக்கற மில் எங்க, அறுத்த பலகையை அடுக்கற குடோன் எங்க, எல்லாமே உங்க முடிவு. காடு, விவசாயம், கனிமம், எண்ணெய்னு நாலு தொழில், ஒவ்வொண்ணுலயும் கச்சாப் பொருள்ல இருந்து ரெண்டு ரெண்டு இடைநிலைப் பொருள் வரும். காட்டுல இருந்து இழைச்ச பலகை, பேப்பர். விளைச்சல்ல இருந்து மாவு, அப்புறம் அதே விளைச்சலை மாட்டுக்குத் தீவனமாப் போட்டா பால், இறைச்சி மாதிரி கால்நடைப் பொருள். கனிமத்துல இருந்து உலோகம், கண்ணாடி. எண்ணெய்ல இருந்து பெட்ரோலியம், பிளாஸ்டிக். இதையெல்லாம் ரெண்டு மூணு சேத்து எடுத்து முடிவுல பொருள் பண்ற தனி ஃபாக்டரிங்க இருக்கு, ஃபர்னிச்சர், பேக்கரி, பொம்மை, கார், கப்பல் கட்டற யார்டு வரைக்கும், ஒவ்வொண்ணும் ஊருக்கு ஒண்ணுதான் வைக்க முடியும். ஒரு ஏரியாவுல எவ்வளவு உற்பத்தி, எத்தனை பேர் வேலை பாக்கறாங்கங்கறதைப் பொறுத்து அந்த ஏரியா 1ல இருந்து 5 லெவல் வரைக்கும் ஏறும், ஏற ஏறப் பெரிய பில்டிங் திறக்கும்.

இப்படி லிஸ்ட் போட்டா எல்லா ரிவ்யூவும் சொல்றதுதான்னு தோணும். அதனால ஒரு விஷயம் மட்டும் கிட்டப் போய்ச் சொல்றேன்.

நான் வாங்கின புதுசுல ஆத்தோரமா ஒரு ஊர், எழுபதாயிரம் பேர், வடக்க ஒரு மலை முழுக்க மரம். அங்கதான் காட்டுத் தொழில் ஆரம்பிச்சேன். ஃபர்னிச்சர் ஃபாக்டரி திறந்த அன்னைக்கு ராத்திரி, கேமை நிறுத்தி நிறுத்தி ஒரே ஒரு சரக்கு எப்படிப் போகுதுன்னு பின்னாடியே போனேன். மரத்தோட்டத்துல ஒரு லாரியை கிளிக் பண்ணினா அதுல என்ன ஏத்தியிருக்கு, எங்க போகுதுன்னு கீழ காட்டும். கட்டை ஏத்தின லாரி மலைச் சரிவுல இறங்கி, வளைவுல மெதுவாகி, கட்டை அடுக்கற யார்டுக்குள்ள நுழைஞ்சுது. அங்கிருந்து வேற ஒரு லாரி மில்லுக்கு. மில்லுல இருந்து பலகை குடோனுக்கு. குடோன்ல இருந்து பாலம் தாண்டி ஃபர்னிச்சர் ஃபாக்டரிக்கு. கடைசில ஃபாக்டரி லாரி ஒண்ணு கிளம்பி ஊருக்குள்ள நுழைஞ்சு எங்க நின்னுச்சு தெரியுமா? நான் அந்த ஊர்ல முத முதல்ல போட்ட தெரு இருக்கே, அந்தத் தெரு முனையில இருக்கற ஒரு சின்னக் கடை வாசல்ல. 200 மணி நேரம் ஆடியும் அந்தக் கடைக்கு சரக்கு எங்கிருந்து வருதுன்னு நான் நினைச்சுக்கூடப் பாத்தது இல்ல. அன்னைக்குத்தான் அந்த மலைக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு உறவு இருக்குன்னு பட்டுச்சு, அந்தப் பாலத்தை ஏன் ஆறு லேன் ஆக்கணும்னு எனக்கே ஒரு காரணம் கிடைச்சுது. இதுதான் நான் சொல்ற புதுக் காரணம். மாஸ் ட்ரான்சிட்ல ஃபெர்ரி, மோனோரெயில், கேபிள் கார், ஆகாயக் கப்பல் எல்லாம் அருமையா இருக்கும், பஸ், மெட்ரோவெல்லாம் ஒரே இடத்துல சேர்ற ஸ்டேஷன் ரொம்பவே உபயோகம், ஆனா அது ஏற்கெனவே வீட்ல இருந்து ஆபீஸ் போறவனை வேற வண்டியில ஏத்தி விடறது. இண்டஸ்ட்ரீஸ் இல்லாத பயணத்தையே உண்டாக்குது.

இப்ப கண்டிஷனுக்கு வரேன். இந்தப் பயணம் எல்லாம் உங்க ரோட்லதான் நடக்கும். முன்னாடி ஒரு லாரி போன இடத்துல இப்ப நாலு அஞ்சு லாரி போகும், ஏன்னா ஒரே மரம் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அஞ்சு தடவை ஏத்தி இறக்கறாங்க. என்னோட அந்த ஊர்ல டிராஃபிக் ஃப்ளோ, அதாவது வண்டிங்க தடையில்லாம ஓடற அளவு, 84 சதவீதம் இருந்தது, மில்லு ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல 60க்குக் கிட்ட இறங்கிடுச்சு. தப்பு என்னோடதுதான், மலையில இருந்து வெளிய வர ஒரே ஒரு ஹைவே இறக்கம் வச்சிருந்தேன், கட்டை லாரி, பலகை லாரி, எக்ஸ்போர்ட் லாரி, வேலைக்கு வர்ற ஜனங்க கார் எல்லாம் அந்த ஒரே வாயில புகுந்துச்சு. அதனால இப்பவே உங்க ஊர்ல ஃப்ளோ 75க்குக் கீழ இருந்தா, ரவுண்டானாவும் லேன் கணக்கும் இன்னும் கைக்கு வரலைன்னா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்குங்க, இல்லைன்னா நல்ல டிஎல்சியைக் கெட்ட நேரத்துல வாங்கிட்டு கேமையே மூடி வச்சிடுவீங்க. அப்படி மூடி வச்சவங்க நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

அதுக்கு நான் கண்ட வழி சொல்றேன். ஏரியாவுக்குள்ளயே லாரிக்குன்னு தனி ரோடு சுத்திப் போடுங்க, அது ஹைவேயைத் தொடவே கூடாது. தோட்டம், அதை ஒட்டி யார்டு, யார்டை ஒட்டி மில்லு, மில்லை ஒட்டி குடோன், இந்த வரிசையில வச்சா லாரி அந்த வட்டத்துக்குள்ளயே சுத்தும். வெளிய போறதுக்கு கூட்ஸ் ட்ரெயின் டெர்மினலை ஏரியாவுக்குள்ளயே வச்சிடுங்க. இங்கதான் நான் ரெண்டாவது தடவை மாட்டிக்கிட்டேன், அந்தத் தண்டவாளத்தை மேப்புக்கு வெளிய போற மெயின் லைன்ல இணைச்சு விட்டேன், அவ்வளவுதான், வெளியூர்ல இருந்து இறக்குமதி ஏத்திக்கிட்டு ட்ரெயின் மேல ட்ரெயினா வர ஆரம்பிச்சுது, ஒவ்வொண்ணும் பாதி காலியாத்தான் வரும், ஆனா பிளாட்ஃபார்ம் முழுக்க அடைச்சுக்கும், என் பலகை கிளம்பவே இடம் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, ஊருக்குள்ள ஓடற சரக்கு லைன் வேற, வெளியூர் லைன் வேறன்னு பிரிச்சு, ரெண்டும் தண்டவாளத்துல தொடாம வைக்கணும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தணும்னா ரெண்டு டெர்மினலை எதிரெதிரா வச்சு நடுவுல சின்ன ரோட்ல லாரியே மாத்திக்கும். இதை மட்டும் செஞ்சா பாதிப் பிரச்சினை தீந்துடும்.

குடோனைப் பத்தித் தனியாச் சொல்லணும், ஏன்னா நிறையப் பேர் இதை அலட்சியம் பண்ணிடறாங்க, என்னைக் கேட்டா இந்த டிஎல்சியோட மூளையே அதுதான். ஒவ்வொரு குடோனுக்கும் மூணு செட்டிங் இருக்கு. நிரப்பு, காலி பண்ணு, நடுநிலை. நிரப்புன்னு வச்சா அது ஊருக்குள்ள கிடைக்கலைன்னா வெளிய இருந்து இறக்குமதி பண்ணியாவது நிரப்பிக்கும், அப்புறம் உங்க காசு எங்க போகுதுன்னு தேட வேண்டியதுதான். காலி பண்ணுன்னு வச்சா இருக்கறதை எல்லாம் வெளிய தள்ளும். நடுநிலையில வச்சா பாதி இருப்பு வச்சுக்கிட்டு வர்றதை வாங்கி கேக்கறவனுக்குக் குடுக்கும். எல்லாத்தையும் நடுநிலையில வச்சுட்டு, எக்ஸ்போர்ட் பக்கம் இருக்கறதை மட்டும் காலி பண்ணுன்னு மாத்துங்க. உற்பத்தி எங்க திக்குது எங்க வழியுதுன்னு குடோன் இருப்பைப் பாத்தே சொல்லிடலாம், தோட்டத்துப் பக்கம் யார்டு நிறைஞ்சு கிடக்கு, பலகை குடோன் காலின்னா மில்லு பத்தலைன்னு அர்த்தம், டாக்டர் நாடி பாக்கற மாதிரிதான்.

நல்லதைச் சொன்ன அளவுக்குக் குறையையும் சொல்லணும். பெரிய குறை, காசு. இது ஓட ஆரம்பிச்சுதுன்னா பணம் கொட்டும், அவ்வளவு கொட்டும். அந்தத் தனி ஃபாக்டரிங்க நாலு அஞ்சு ஓடினாலே வரியைக் குறைச்சாலும் கஜானா ஏறிக்கிட்டே போகும், அப்புறம் பட்ஜெட்டுங்கற ஸ்லைடரைத் தொட வேண்டிய அவசியமே இல்ல. விலை ஏறறது இறங்கறது, ஒரு பொருளுக்கு கிராக்கி விழறது, போட்டி ஊர், இது எதுவுமே கிடையாது. ஒரு வியாபார சங்கிலியை இவ்வளவு அழகாக் கட்டிட்டு அதுல நஷ்டப்படவே வழி இல்லாமப் பண்ணியிருக்காங்களேன்னு எனக்கு இன்னைக்கும் வருத்தம். உங்களுக்குச் சலிப்பு வந்ததுக்குக் காரணம் சவால் இல்லாததுதான்னா, பணச் சவால் இதுல கிடைக்காது, ரோட்டுச் சவால்தான் கிடைக்கும், அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. எண்ணெயும் கனிமமும் தீந்து போற சரக்குங்கறது மட்டும்தான் கொஞ்சம் பயம் காட்டும், விவசாயமும் காடும் தீராது, காடு பத்தலைன்னா மரம் நட்டாலே வளம் கூடும். எண்ணெய் தீந்த அப்புறம் அந்த ஏரியாவை என்ன பண்றதுன்னு யோசிக்கற கட்டம் எனக்குப் பிடிக்கும், ஆனா அதையும் தவிர்க்கணும்னா எண்ணெய் கனிமம் தீராம இருக்கற மோட் (கேம் நடக்கற விதத்தை மாத்தற சின்னச் சேர்க்கை) கேம் கூடவே வருது, ஆன் பண்ணினாப் போதும்.

அடுத்து, யாருக்கு யார் சரக்கு குடுக்கணும்னு கேம் முடிவு பண்றது சில நேரம் ரொம்பக் கோபம் வரும். பக்கத்துலயே யார்டு நிறையக் கட்டை கிடக்கும், மில்லு மேப்போட அந்தக் கோடியில இருந்து வரவழைக்கும். ஏரியாவை ரெண்டு இடத்துல பிரிச்சு வச்சீங்கன்னா இது இன்னும் மோசமாகும், ரெண்டு பக்கமும் குறுக்க மறுக்க ஓடும். பிசில ஆடறீங்கன்னா டிரான்ஸ்ஃபர் மேனேஜர் சிஈன்னு ஒரு மோட் இருக்கு, பக்கத்துல இருக்கறதை முதல்ல எடுக்க வைக்கும், கூடவே லேன், சிக்னலையெல்லாம் நாமளே கட்டுப்படுத்தற டிராஃபிக் மேனேஜர் ப்ரெசிடென்ட் எடிஷன், அது இல்லாம இந்த கேமை ஆடறதே கஷ்டம்னு நினைக்கறவன் நான். கன்சோல்ல ஆடறீங்கன்னா இந்த ரெண்டும் கிடையாது, அப்ப ஒரு தொழிலுக்கு ஒரே ஏரியா, ஒரே இடம்னு வச்சுக்கறதுதான் நல்லது.

தபால் ஆபீஸ் ஒண்ணு குடுத்திருக்காங்க, தரம் பிரிக்கற பெரிய நிலையமும் சேத்து. வைங்க, வைக்காமப் போங்க, ஊர் ஓடும். ஜனங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம் கூடும், ஆனா ரோட்ல வேன் கூட்டமும் கூடும். இதை இன்னும் நல்லா யோசிச்சுப் பண்ணியிருக்கலாம். டோல்கேட் வருது, அது காசுக்கு வைக்கறதை விட, ஊருக்குள்ள குறுக்கு வழியாப் போற வண்டியைத் தடுக்க வைக்கலாம்னு வச்சுப் பாத்தேன், வண்டியெல்லாம் கேட் கிட்ட மெதுவாகி பின்னாடி வரிசை கட்டும், பாத்து வைங்க, ஜங்ஷனை ஒட்டி வச்சா ஜாம்தான். சரக்கு ஏர்போர்ட் வருது, ரயில் இணைப்போட ஒண்ணு, இல்லாம ஒண்ணு. ரயில் இணைப்பு இருக்கறது எக்ஸ்போர்ட்டுக்கு ரொம்ப உபயோகம், மேப்ல கடல் இல்லாதவங்களுக்கு இது வரப்பிரசாதம்.

இன்னொண்ணு டெக்னிக்கலா. இந்த கேம்ல ஒரே நேரத்துல ஓடற வண்டிங்களுக்கு 16,384ன்னு ஒரு உச்ச வரம்பு இருக்கு, எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரா இருந்தாலும் அதே எண்தான். ஒரு லட்சம் பேர் இருக்கற ஊர்ல நாலு தொழிலையும் முழு வீச்சுல ஓட விட்டீங்கன்னா அந்த வரம்பை நெருங்கிடுவீங்க, அப்ப ஆம்புலன்ஸ் கிளம்பாது, குப்பை லாரி கிளம்பாது, ஏன்னே புரியாம மண்டை காயும். அதனால உங்க பழைய ஒரு லட்சம் ஊர்ல இதை நுழைக்காதீங்க, பழைய மஞ்ச ஸோனையெல்லாம் இடிச்சுட்டு வைக்கறதுன்னா பரவாயில்ல, மேல மேல சேக்கறதுன்னா வேண்டாம். புது மேப், புது ஊர், முதல் தெருவுல இருந்தே லாரி ரோட்டுக்கு இடம் விட்டு ஆரம்பிங்க.

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2 இருக்கே, அதுக்குப் போயிடலாமான்னும் உங்களுக்குத் தோணலாம். 2023 அக்டோபர்ல வந்த அதுல உற்பத்திச் சங்கிலி பேஸ் கேம்லயே இருக்குங்கறது உண்மை. ஆனா அதுக்கு கம்ப்யூட்டர் பலமா வேணும், கையால ஒவ்வொரு மில்லையும் எடுத்து வைக்கற அந்தத் திருப்தி எனக்கு முதல் பார்ட்ல இருந்த அளவுக்கு அதுல வரல. உங்க கிட்ட முதல் பார்ட் இருக்கு, அதுல பழகின கையும் இருக்கு, அதையே தொடருங்க.

விலை வந்தப்ப 14.99 டாலர். முழு விலை குடுக்காதீங்க, ஸ்டீம்ல பாதி விலைக்கும் கீழ அடிக்கடி சேல்ல வரும், விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சிட்டு காத்திருங்க, சேல்ல ஒருவேளை மாஸ் ட்ரான்சிட்டும் சேந்து கைக்கு அடக்கமான விலைக்கு வந்தா ரெண்டையும் எடுத்துடுங்க, வேலைக்குப் போறவங்களை மோனோரெயில்ல ஏத்தி விட்டுட்டா லாரிக்கு ரோடு காலியாகும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நல்லாப் பொருந்தும்.

வாங்கினதும் எண்ணெய்ல ஆரம்பிக்காதீங்க, பணம் சீக்கிரம் வரும்னு எல்லாரும் அதுக்குத்தான் போவாங்க, சுத்து வட்டாரம் மண் கெட்டு, வீடு கட்ட இடம் இல்லாமப் போய், கடைசில சரக்கும் தீந்துடும். காட்டுல ஆரம்பிங்க. மரம் அடர்த்தியா இருக்கற சரிவாப் பாத்து சின்ன ஏரியா, ரெண்டு தோட்டம், ஒரு யார்டு, ஒரு மில்லு, ஒரு குடோன், அவ்வளவுதான். லெவல் ஏறி ஃபர்னிச்சர் ஃபாக்டரி திறந்ததும் அதை ஆத்துக்கு இந்தப் பக்கம் ஊரை ஒட்டி வைங்க. ஓட ஆரம்பிச்சதும் கேமை நிறுத்தி ஒரு கட்டை லாரியை கிளிக் பண்ணி, அந்தச் சரக்கு லாரி மாறி மாறி எந்தக் கடை வாசல்ல முடியுதுன்னு கடைசி வரைக்கும் பின்னாடியே போய்ப் பாருங்க, எந்தக் கடைன்னு எனக்கும் சொல்லுங்க.